கானா காயா?



இந்த இதழின் மெய்ப்புத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு துவாரகா செக்டார் 10-இல் மெட்ரோ ஏறினேன். நாராயணாவில் இருக்கும் அச்சகத்துக்குப் போக வேண்டும். மார்கழிப் பனியில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. துவாரகா மோடில் இரண்டு பையன்கள் ஏறினார்கள். வெள்ளைச் சட்டை, டை, அதன்மேல் கறுப்பு ஸ்வெட்டர், மார்பில் பெயர்ப் பட்டை. ஒருவன் கையில் சின்ன நோட்டு. மெட்ரோ நகர்ந்ததும் அதைத் திறந்து உதட்டை அசைத்தபடி எதையோ மனப்பாடம் செய்யத் தொடங்கினான். அடுத்தவர் நோட்டை எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லைதான். நாற்பது வருடமாக மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு எழுத்தைக் கண்டால் கண் தானாகப் போய்விடும். நோட்டு முழுக்கத் தமிழ் எழுத்து. மொழி மட்டும் இந்தி.

“பேட்டியே: உட்காருங்க. பானி: தண்ணி. கானா: சாப்பாடு. கானா: பாட்டு.”

நான் சிரித்ததை அவன் பார்த்துவிட்டான். “தமிழுங்களா சார்?” என்றான். அந்த ‘ங்களா’விலேயே கோயம்புத்தூர் தெரிந்தது.

வயது பத்தொன்பது. ஊழியத்துக்கு வந்திருக்கிறானாம், இரண்டு வருடம். நாம் மார்மன் என்று சொல்லும் சபை. கூட இருந்தவன் ராஜமுந்திரிப் பையன். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவனுக்குத் தெலுங்கு தெரியாது, இருவருக்கும் இந்தி அரைகுறை. இந்த மூன்று இல்லாமைகளையும் வைத்துக்கொண்டு தில்லியில் ஒரே அறையில் குடித்தனம். எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. காலை ஆறரைக்கு எழுந்து படிப்பு, பிறகு நாள் முழுக்கப் பாடம், உதவி வேலை, அலைச்சல். திங்கட்கிழமை மட்டும் துணி துவைக்க, காய்கறி வாங்க, வீட்டுக்குக் கடிதம் எழுத. “இப்பல்லாம் வாரம் ஒருக்கா வீடியோ கால் பண்ணலாங்க சார். முன்னாடி வருஷத்துக்கு ரெண்டே தடவைதான் போன்” என்றான். 2019-இல்தான் அந்தச் சபை இந்தத் தளர்வைத் தந்தது.

“வாராவாரம் வீட்டுக்கு என்ன எழுதுவே?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். “எத்தனை பேரைப் பார்த்தோம், என்ன பாடம் நடத்தினோம்னு எழுதுவேனுங்க. இந்தக் கானா சமாச்சாரமெல்லாம் எழுத மாட்டேன். அம்மா வருத்தப்படும்.”

கானா சமாச்சாரம் என்னவென்றால்: உத்தம் நகரில் ஒரு பஞ்சாபிக் கிழவி. தனியாக இருப்பவர். இவர்கள் வாரம் ஒருமுறை போய் மாவு மூட்டையை மாடிக்குத் தூக்கிக் கொடுப்பார்கள். ஒருநாள் மரியாதைக்கு, சாப்பிட்டீர்களா என்று விசாரிக்க நினைத்திருக்கிறான். இந்தியில் அது ‘கானா காயா?’. பாட்டுப் பாடினீர்களா என்பதும் தமிழ் எழுத்தில் ‘கானா காயா?’தான். நோட்டில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி நிற்கின்றன. அந்தக் கானாவுக்குக் காற்று வேண்டும், இந்தக் கானாவுக்குத் தொண்டை வேண்டும். நம் ககரம் இரண்டையும் விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதது போல் உட்கார்ந்திருக்கிறது. பையன் பாட்டைக் கேட்டுவிட்டான். கிழவி ஒரு நிமிடம் திகைத்து, பிறகு சிரித்து, இந்த வயதில் எனக்கென்ன பாட்டு என்று சொல்லி, இரண்டு பேரையும் உட்கார வைத்து ரொட்டி போட்டாராம். அதுவரை மூட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறவர்தானாம்.

திலக் நகரில் இறங்கிப் போனார்கள். போகும்முன் முகவரி கொடுத்து, ஒரு திங்கட்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

அவன் போன பிறகும் அந்த ‘எழுத மாட்டேன்’ என்ற வார்த்தை மடியில் கிடந்தது. எழுத வேண்டியதை விட்டுவிட்டானே பையன்.

தமிழ்நாட்டுக்கு ஊழியம் செய்ய வந்தவர்கள் என்றால் நமக்கு உடனே கால்டுவெல், போப் நினைவுக்கு வருவார்கள். கால்டுவெல் வந்தபோது வயது 23, போப்புக்கு 19. பள்ளிப் பாடத்திலேயே அவர்களைப் பற்றிப் படித்துவிட்டோம். இந்த முறை விட்டுவிடுகிறேன். எனக்கு அந்த நோட்டைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தவர் சீகன்பால்க்.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிக்காரர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பி, 1705 நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் கப்பலேறி, ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். மறுநாள் அவருக்கு 24-ஆவது பிறந்தநாள். உடன் வந்தவர் ஹென்ரிக் புளூட்சோ. இங்கேயும் ஜோடிதான் பாருங்கள். கோட்டையில் இருந்த டேனிஷ் அதிகாரிகளுக்கு இவர்கள் வந்ததில் துளியும் சந்தோஷமில்லை. வணிகம் செய்ய வந்த இடத்தில் இதென்ன புதுத் தொல்லை என்ற நினைப்பு. வெயிலில் காக்க வைத்தார்கள். தங்க இடம் காட்டவும் ஆளில்லை.

தமிழ் தெரியாது. புத்தகம் இல்லை, அகராதி இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வயதான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, பள்ளியையே தங்கள் வீட்டில் நடத்தச் சொன்னார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார்கள். அனா, ஆவன்னா. பக்கத்தில் ஐந்து வயதுப் பொடியன்கள். வெள்ளைக்காரர் இருவர் மணலைக் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்து அந்தப் பொடியன்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

நம் சொசைட்டியின் சமுதாயக் கூடத்தில் விஜயதசமிக்கு நாமும் அதைத்தானே செய்கிறோம்? மணலுக்குப் பதில் தாம்பாளத்தில் அரிசி. சென்ற விஜயதசமிக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒரு வாண்டு அரிசியில் ‘அ’ போட்டுவிட்டு, அழிக்க மனமில்லாமல் தட்டை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று அடம் பிடித்தது. தட்டு கூடத்துடையது என்று செயலாளர் சொல்ல, பெரிய அழுகை.

சீகன்பால்க் 1708-இல் எழுதிய கடிதம் ஒன்றில் தன் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கடிதம் அது. காலை 7 முதல் 8 வரை, முன்னே எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. 8 முதல் நண்பகல் 12 வரை, அதுவரை படிக்காத தமிழ்ச் சுவடிகளைப் படிப்பது; பக்கத்தில் வயதான புலவர் ஒருவர், இன்னொரு பக்கம் எழுத்தர் ஒருவர். புதுச் சொல் வந்தால் எழுத்தர் அப்போதே குறித்துக்கொள்வார். செய்யுள் கடினமாக இருந்தால் புலவர் அதைப் பேச்சுத் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். சாப்பிடும்போதும் ஒருவர் பக்கத்தில் இருந்து படித்துக்கொண்டிருப்பார். பிற்பகல் 3 முதல் 5 வரை மறுபடி சுவடி. இரவு 7 முதல் 8 வரை கண்ணுக்கு ஓய்வு, காதுக்கு வேலை: யாராவது படிக்க, இவர் கேட்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கற்றுக்கொடுக்க வந்தவருடைய நாளில் கற்றுக்கொண்ட நேரம்தான் பெரும்பங்கு. சோறு உள்ளே போகும்போதும் தமிழ் உள்ளே போயிருக்கிறது. எழுத்தர்களைப் பல நாள் நடைதூரம் ஊர் ஊராக அனுப்பி, கணவனை இழந்த பிராமணப் பெண்களின் வீடுகளில் யாரும் தொடாமல் கிடந்த சுவடிகளை விலைக்கு வாங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்பெழுதி ஒரு பட்டியல் தயாரித்தார். அதே 1708-இல் கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். மணலில் எழுதிய இரண்டு வருடத்துக்குள் ஔவையின் ஜெர்மன்! நம் பிள்ளைகள் பன்னிரண்டு வருடம் இந்தி படித்துவிட்டு ஆட்டோக்காரரிடம் பேரம் பேச இன்னும் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள்.

இதற்கு நடுவே வேலையும் நடந்தது. ஐரோப்பியர் வீட்டு அடிமைகளுக்குப் பாடம், பிள்ளைகளுக்குப் பள்ளி, 1707-இலேயே பெண் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி. வந்து பதின்மூன்று மாதத்தில் ஒரு சிறு கோயிலும் கட்டித் திறந்தாயிற்று. கோட்டைத் தளபதியோடு தகராறு முற்றி 1708 நவம்பரிலிருந்து நான்கு மாதம் டான்ஸ்போர்க் கோட்டையிலேயே சிறை. பிறகு அச்சுக்கூடம், 1715-இல் முழுப் புதிய ஏற்பாடும் தமிழில் அச்சு. 1719 பிப்ரவரியில் இறந்தபோது வயது 36. இதையெல்லாம் தரங்கம்பாடிக்குப் போனால் கல்லிலும் பலகையிலும் படித்துக்கொள்ளலாம்.

கல்லில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நாட்களில், ஊருக்கு வெளியே ஒரு கோயிலில் மண்சிலைகளைப் பார்த்தார். கோபம் வந்தது. சிலவற்றைத் தள்ளிவிட்டார், சிலவற்றின் தலையைத் தட்டி உடைத்தார். இவை தெய்வமல்ல, வெறும் மண் என்று சனங்களுக்குக் காட்டுகிறாராம். அங்கே வந்த உள்ளூர் வாத்தியார் ஒருவர் நிதானமாகச் சொன்னார்: இவை தெய்வம் என்று யார் சொன்னது? இவர்கள் தெய்வத்தின் காவல் வீரர்கள்.  இந்தக் கதையை நமக்குச் சொன்னது வேறு யாரும் இல்லை. சீகன்பால்க் தாமே எழுதிய கடிதம்தான்.

நெற்றியில் விபூதி இல்லாமல் வாசல் தாண்டாதவன் நான். தலை உடைந்த அந்த மண்வீரன் எந்த ஐயனார் கோயில் காவல்காரனோ என்று நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. 1712 முதல் 1714 வரை, அவரும் கிரண்ட்லர் என்ற சக ஊழியரும் தமிழர்களிடம் கேள்விகளை அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார்கள். கேள்விகள் எங்களைப் பற்றி, எங்கள் மதத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது வரை போயின. பதில்கள் சும்மா வரவில்லை. குடிக்கிறீர்கள், மாட்டைத் தின்கிறீர்கள், சுத்தம் என்பதே இல்லை, இப்படி இருந்துகொண்டு எங்களுக்கு வழிகாட்ட வந்துவிட்டீர்களா என்ற தொனியில் விளாசியிருக்கிறார்கள். மொத்தம் 99 கடிதங்கள். எல்லாவற்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து ஊருக்கு அனுப்பினார்கள். 1713-இல் சீகன்பால்க் நம் தெய்வங்களின் பரம்பரையை விரிவாக விளக்கி ஒரு நூலும் எழுதி முடித்தார். நம்முடையது பொய்ம்மதம் என்ற எண்ணம் அவருக்குக் கடைசிவரை மாறவில்லைதான். ஆனாலும் எந்தத் தெய்வத்துக்கு என்ன பெயர், என்ன விழா, யார் காவல் என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். யார் காவல் என்பதை இனி அவர் மறப்பாரா?

ஜெர்மனியிலிருந்து இந்த ஊழியத்தைத் தாங்கிவந்தவர் ஹாலே நகரத்துப் பெரியவர் பிராங்கே. நூலைப் பார்த்து அவர் சொன்ன பதில் புகழ்பெற்றது. புறச்சமயத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்றார். நூல் அச்சேறவில்லை. 1867-இல் சென்னையில் ஜெர்மான் என்பவர் பதிப்பித்தபோது எழுதியவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிப்போயிருந்தது.

பிராங்கே மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் ஒரு பத்திரிகை ஆசிரியர்! தரங்கம்பாடிக் கடிதங்களை 1710 முதல் தொடர் இதழாக ஹாலேயில் அச்சிட்டு வந்தார். அதைப் படித்துத்தான் ஐரோப்பாவில் பணம் கொடுப்பவர்கள் பணம் கொடுத்தார்கள். அதனால் வந்த கடிதங்களில் எதை விடுவது, எதை வெட்டுவது என்று ஹாலேயில் ஒரு பேனா எப்போதும் தயாராக இருந்தது.

அந்தப் பேனாவை எனக்கு நன்றாகத் தெரியும். சில வருடங்களுக்கு முன் நம் வாசகி ஒருவர், ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்த தன் மகளின் கடிதங்களைக் கொடுத்தார். நல்ல கடிதங்கள். முதல் வாரம் வகுப்பில் பெண் ஏதோ சொல்ல, பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. பொருள் புரியாமல் அவளும் சேர்ந்து சிரித்தது. மூன்றாவது வாரம் அதன் பொருள் தெரிந்து இரவெல்லாம் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டது. ‘வாசகர்கள் என்ன நினைப்பார்களோ’ என்று அதையெல்லாம் எடுத்துவிட்டு, பள்ளிக்கூடம், பிள்ளைகள், நன்றி என்று இரண்டு பக்கம் போட்டேன். இதழ் வந்த பிறகு அந்த அம்மா தொலைபேசியில் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு சார். ஆனா என் பொண்ணைக் காணோம்.” அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

மெட்ரோவில் ராஜௌரி கார்டனுக்கு முந்தைய நிலையம் தாகூர் கார்டன். அறிவிப்பில் அந்தப் பெயர் வந்ததும் தாகூரின் சிநேகிதர் ஆண்ட்ரூஸ் நினைவுக்கு வந்தார். 1904 மார்ச் 20 அன்று இதே தில்லிக்கு கேம்பிரிட்ஜ் மிஷனின் ஊழியராக வந்து, அப்போது காஷ்மீரி கேட்டில் இருந்த செயின்ட் ஸ்டீபன் கல்லூரியில் பாடம் நடத்தியவர் சி.எஃப். ஆண்ட்ரூஸ். பாடம் நடத்திய நேரம் போக, பழைய தில்லியில் முன்ஷி ஜகாவுல்லாவின் வீட்டில் உட்கார்ந்திருப்பார். கணக்குப் புத்தகங்களை உருதுவில் எழுதிக் குவித்த முதியவர் ஜகாவுல்லா. 1857-க்கு முந்தைய தில்லியைக் கண்ணால் கண்டவர். அவர் பேச, இவர் கேட்பார். 1910-இல் முதியவர் இறந்தார். 1929-இல் ஆண்ட்ரூஸ் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். 1906-இல் கல்லூரி முதல்வர் பதவி காலியானபோது, அது சுசீல் குமார் ருத்ராவுக்குத்தான் போக வேண்டும் என்று நின்றவரும் இவர்தான். அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் ருத்ரா. தென்னாப்பிரிக்கா, பிஜி, தீனபந்து என்ற பட்டமெல்லாம் அதற்கப்புறம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளும் இப்படி ஊழியத்துக்குப் போயிருக்கிறார்கள். திருநெல்வேலியில் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளை அசரியா. அந்தச் சங்கம் ஆள் அனுப்பியது தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பக்கம். முப்பது வயதைத் தாண்டிய அசரியாவும் தெலுங்கு படித்துக்கொண்டு அங்கேயே குடிபோனார். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மாநாட்டில் அவர் மேடையேறி, வெள்ளைக்கார ஊழியர்களைப் பார்த்து, எவ்வளவோ கொடுத்தீர்கள், சிநேகத்தை மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்ற பொருள்பட முகத்துக்கு நேரே கேட்டார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

எங்கேயோ போய்விட்டேன். அச்சகத்துக்குத் தாமதம். மெய்ப்பில் நாலு பிழை விட்டிருந்தால் பழி அந்தக் கோவைப் பையன் மேல்.

இனி இதழ்ச் செய்தி. அடுத்த இதழிலிருந்து ‘வெளியூர்க் கடிதம்’ என்று ஒரு பகுதி தொடங்குகிறோம். நம் வீட்டுப் பிள்ளைகள் பாடம் சொல்லிக்கொடுக்க, மருத்துவம் பார்க்க, மதப்பணிக்கு, வெள்ள நிவாரணத்துக்கு என்று எங்கெங்கோ போகிறார்கள். எந்த மதம், எந்த நாடு என்பதில் நமக்குத் தகராறில்லை. மேகாலயாவும் வெளிநாடுதான், மொசாம்பிக்கும் வெளிநாடுதான். இந்தி தெரியாத நமக்கு நஜஃப்கட்கூட ஒரு காலத்தில் வெளிநாடாகத்தானே இருந்தது? ஒரு வாரத்தை எடுத்து எழுதச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு என்ன செய்தார்கள் என்பது இரண்டு வரியில் இருந்தால் போதும். அந்த வாரம் எதைத் தப்பாகச் சொன்னார்கள், யார் திருத்தினார்கள், என்ன சாப்பிட்டார்கள், எதைச் சாப்பிட முடியாமல் கைக்குட்டையில் மடித்துக்கொண்டார்கள், இதெல்லாம் வேண்டும். என் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்ட அந்தப் பெண்ணின் கடிதங்களை முழுசாக வாங்கித் தருவதாக அவள் அம்மா சொல்லியிருக்கிறார். தொடர் அதில்தான் ஆரம்பம்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இன்னும் இரண்டு ஆசிரியர்கள் தேவை. சம்பளம் கிடையாது, சுண்டல் உண்டு.

இதை அச்சுக்கு அனுப்பும் முன் ஒன்று. சொன்னபடி ஒரு திங்கட்கிழமை பையன்கள் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அன்று மூன்று டிகிரி குளிர். இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தாள் என் மனைவி. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு தயங்கினார்கள். “எங்க சபைல டீ, காபி ரெண்டும் கூடாதுங்க.” தில்லிக் குளிரில் டீ இல்லாமல் இரண்டு வருடமா! அவள் முகத்தில் வந்த இரக்கம் எந்த மதத்திலும் அடங்காது. பாலைக் காய்ச்சி மிளகும் மஞ்சளும் போட்டுக் கொடுத்தாள். நோட்டைக் கேட்டேன். கானா பக்கத்தில் இரண்டு சொல்லுக்கும் எதிரே தேவநாகரி எழுத்து புதிதாக ஏறியிருந்தது. கிழவி போட்டுக் கொடுத்ததாம். கை நடுங்கிய எழுத்து. அவர் அடுத்த வாரத்திலிருந்து மூட்டை தூக்குகிற கூலிக்கு அரைமணி நேர இந்திப் பாடம் எடுக்கிறாராம்.

மணி ஒன்று ஆகிவிட்டது. சமையலறை வாசலில் நின்று, ராஜமுந்திரிப் பையனுக்கும் புரியட்டும் என்று, என் மனைவி இந்தியிலேயே கேட்டாள்: “கானா காயா?”

கோவைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். “எந்தக் கானாங்க ஆன்ட்டி?”

அன்புடன்,
ஆசிரியர்